எல்லாம் அடக்கமா?

போன டிசம்பரில் எங்கள் பத்தாவது திருமண நாள். செராத்திங் கிளப் மெட்டில் உணவு, பானம், விளையாட்டு எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம் என்று கணவர் ஆசைப்பட்டார். ஆனால், நவம்பர் பிறந்தால் கிழக்குக் கரையில் பருவமழை. கடலில் இறங்க முடியாத நாளுக்கும் காசு கட்டவேண்டும். மற்ற விடுதிகளில் 'ஃபுல் போர்ட்' என்றால் பெரும்பாலும் மூன்று வேளைச் சாப்பாடு மட்டுமே. பதிவுசெய்யும் முன் கேட்டுவிடுங்கள்.

செராத்திங்கை ஜூனுக்குத் தள்ளிவைத்து, கோல குபு பாருவைத் தாண்டி கெர்லிங் போனோம். தோட்டத்து வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார்.

"கல்யாண நாளுக்கு இங்கயா வந்தீங்க?" என்று கடிந்துகொண்டார்.

மறுநாள் சுடுநீர் ஊற்றில் மூவரும் கால்களை நனைத்தபடி உட்கார்ந்திருந்தோம். தினமும் வானொலியில் ஊரையே நலம் விசாரிப்பவள் நான். அம்மாவுக்கு மாதக்கணக்காக முழங்கால் வலி என்பது அங்கேதான் தெரிந்தது.