எதை ஒதுக்கினாய், ஏன்?

ஒரு முடிவுக்கு வந்துவிட்டு அப்புறம் யோசனை கேட்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். மாப்பிள்ளை எப்படி என்று அவருடைய தாய்மாமனிடமே விசாரித்துவிட்டு, "தங்கமான பையனாம்" என்று திரும்பி வருவார்கள். ஆராய்ச்சியிலும் இது நடக்கிறது. தனக்கு ஒத்துவருகிற பத்துக் கட்டுரைகளைப் பொறுக்கி எடுத்து, "முன்னோர் எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள்" என்று தீசிஸில் எழுதிவிடுவது சுலபம்.

இதற்குக் கடிவாளம் போட்டது மருத்துவத் துறை. 1972-இல் ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், எந்தச் சிகிச்சை உண்மையில் பலன் தருகிறது என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டு ஒரு புத்தகம் எழுதினார். அந்த வழியில் வளர்ந்த முறையான ஆய்விலக்கியத் திறனாய்வை 2003-இல் டிரான்ஃபீல்ட், டென்யர், ஸ்மார்ட் மூவரும் மேலாண்மைத் துறைக்கு ஏற்ப வகுத்துக் கொடுத்தார்கள். எந்தத் தரவுத்தளம், எந்தச் சொற்கள், எந்த ஆண்டுகள், எவற்றைச் சேர்ப்பது, எவற்றைத் தள்ளுவது என்பதையெல்லாம் படிக்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். தள்ளியதற்குக் காரணமும் பதிவாக வேண்டும். முடிந்தால் இருவர் தனித்தனியே சலித்து, முரண்படும் இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான்.

அந்த அலுப்பால் என்ன லாபம்? 'பிசினஸ் மாடல்' என்ற சொல்லையே பாருங்கள். 1990-களின் நடுவில் இணையம் பரவியதிலிருந்து எல்லோர் வாயிலும் அதுதான். 2011-இல் ஜோட், அமிட், மாசா மூவரும் அதைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் திரட்டிச் சலித்து, 103 படைப்புகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 37 விழுக்காடு, பிசினஸ் மாடல் என்றால் என்ன என்று வரையறுக்கவே இல்லை! வரையறுத்தவர்களும் ஒத்துப்போகவில்லை. 1998-இல் டிம்மர்ஸ் அதைப் பொருள், சேவை, தகவல் ஆகியவை ஓடும் கட்டமைப்பு என்றார். 2002-இல் மக்ரெட்டா, ஒரு நிறுவனம் எப்படி இயங்குகிறது என்று சொல்லும் கதை என்றார். பிடித்த பத்தை மட்டும் படிப்பவருக்கு இந்தக் குழப்பம் கண்ணில் படவே படாது.

இந்த முறையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மேலாண்மைச் சிந்தனையாளர் பீட்டர் டிரக்கர் 1994-இல், ஒவ்வொரு நிறுவனமும் தன் தொழிலைப் பற்றி வைத்திருக்கும் அனுமானங்கள் காலாவதியாவதைப் பற்றி அருமையாக எழுதினார். பிசினஸ் மாடல் பேச்சுக்கு வேர் போன்ற கட்டுரை அது. ஆனால் அந்தச் சொல் அதில் கிடையாது. சொல்லை மட்டும் தட்டித் தேடுகிற பிள்ளைக்கு டிரக்கர் அகப்படமாட்டார். எத்தனை கட்டுரை கிடைத்தன, எத்தனை தள்ளப்பட்டன என்று அழகாகப் பெட்டி போட்டு அம்புக்குறி வரைந்துவிட்டால் திறனாய்வு முடிந்தது என்று நினைக்கிறவர்களிடம் எனக்கு மரியாதை இல்லை.

ஆகவே, தேடும் சொற்களை முடிவு செய்யும் முன் உங்கள் பல்கலைக்கழக நூலகரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். உங்கள் கருத்தை மறுக்கக்கூடிய கட்டுரைகள் எந்தச் சொற்களில் ஒளிந்திருக்கும் என்று அவரிடம் கேளுங்கள்.