ஆர்சி கர்னலும் அக்கா பொண்ணும்

இந்தக் கடையைத் திறந்து ரொம்ப நாளாச்சு மக்களே. ஒட்டடை அடிச்சுட்டு உக்காந்திருக்கேன். எழுத விஷயம் இல்லாம இல்லை. ஒரு விஷயம் இருந்துச்சு, எழுதினா மானம் போகுமேன்னு தள்ளிப் போட்டுட்டே வந்தேன். மானம் போனா போகட்டும்னு இன்னைக்கு ஆரம்பிச்சாச்சு.

டிஸ்கி: கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு. பொட்டி தட்டாத நண்பர்கள் தட்டுவடை செட் பாராவுக்கு நேரா குதிச்சுடலாம், தப்பில்லை.

2023 செப்டம்பர் 17, ஞாயித்துக்கிழமை. மதியம் ரெண்டு மணி. ஃபேர்லேண்ட்ஸ்ல எங்க வீட்டு முன் ரூம்ல அக்கா பொண்ணு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து நீட் மாதிரித் தேர்வு எழுதிட்டு இருக்கா. அக்கா வீடு ராசிபுரம். ப்ளஸ் டூ படிக்கிறப்ப கோச்சிங் போக வசதியா இருக்கும்னு பாப்பாவை எங்க வீட்டுல விட்டிருந்தாங்க. நான் உள் ரூம்ல கட்டில்ல சாஞ்சுக்கிட்டு, பழைய லேப்டாப்புல இருந்து அதே கம்ப்யூட்டருக்குள்ள நெட்வொர்க் வழியா நுழைஞ்சு கர்னல் கம்பைல் பண்ணிட்டு இருக்கேன். வீட்டுல தெம்பான மெஷின் அது ஒண்ணுதான், அதனால.

நாலே முக்காலுக்கு முன் ரூம்ல இருந்து குரல். "மாமா, மவுஸ் நகர மாட்டேங்குது."

"ரெண்டு நிமிஷம் பாப்பா, சரியாயிடும்"னேன். சரியாகலை. அஞ்சு இருபதுக்கு டைம் முடிஞ்சப்ப பிசிக்ஸ்ல பதினொரு கேள்வி டிக் அடிக்காம நின்னுச்சு. அவ அழலை. ஒண்ணுமே பேசாம எந்திரிச்சு மொட்டை மாடிக்குப் போயிட்டா. தங்கமணி என்னைப் பார்த்த பார்வையை இங்க எழுத முடியாது.

இப்ப என் கிறுக்கைப் பத்திச் சொல்லணும். லினக்ஸ் கர்னல் புதுசு ஒண்ணு வெளியாகுறதுக்கு முன்னாடி வாரம் ஒண்ணா சோதனைப் பதிப்பு விடுவாங்க. ஆர்சி1, ஆர்சி2ன்னு ஏழெட்டு வாரம் ஓடும். அதை இறக்கி, கம்பைல் பண்ணி, ஓட்டிப் பார்த்து, எதாவது உடைஞ்சிருந்தா சொல்றது உலகம் பூரா சில பைத்தியங்களோட பொழுதுபோக்கு. நானும் அதுல ஒருத்தன். காசு கிடையாது, பேரு கிடையாது. சில பேர் ஞாயித்துக்கிழமை ஏற்காடு போவாங்க, நான் கம்பைல் பண்ணுவேன்.

அந்த வாரம் மெஷின்ல இருந்தது 6.6 ஆர்சி1. ஒரு வாரம் முன்னாடி, செப்டம்பர் 10 வந்தது. அதுல ஒரு பெரிய சங்கதி இருந்துச்சு. பதினாறு வருஷமா இருந்த ஷெட்யூலரோட அடிப்படைக் கணக்கை மாத்தியிருந்தாங்க. ஷெட்யூலர்னா பிராசஸர்ல அடுத்து யார் ஓடலாம்னு முடிவு பண்ற பகுதி. அதனால மவுஸ் நின்ன அந்த நிமிஷமே நான் தீர்ப்பு எழுதிட்டேன். புது ஷெட்யூலர்தான் குற்றவாளி. விசாரணை எல்லாம் அப்புறம்.

தட்டுவடை செட் பாரா இதுதான். சேலத்துக்காரங்களுக்கு விளக்க வேண்டாம். மத்தவங்களுக்கு: ரெண்டு குட்டி தட்டுவடைக்கு நடுவுல சட்னி தடவி, துருவின கேரட், பீட்ரூட், வெங்காயம் வெச்சுத் தர்றது. சாயங்காலம் தள்ளுவண்டியில மாஸ்டர் ஒருத்தர்தான். சுத்தி பதினைஞ்சு பேர். ஒருத்தர் இருபது செட் பார்சல் கேட்குறார். ஒரு அம்மா குழந்தைக்கு ஒரே ஒரு செட் கேட்டுட்டு நிக்குறாங்க. பார்சலை முடிச்சுட்டுத்தான் அடுத்த ஆள்னா குழந்தை அழுதுடும். நல்ல மாஸ்டர் என்ன பண்ணுவார்? பார்சல்ல நாலு போட்டுட்டு, நடுவுல அந்த அம்மாவுக்கு ஒண்ணு நீட்டிட்டு, மறுபடி பார்சலுக்கு வருவார். யாருக்கும் காத்த மாதிரியே தெரியாது. 2007 அக்டோபர்ல 2.6.23 கர்னலோட வந்த சிஎஃப்எஸ், இதுவரைக்கும் யார் கம்மியா வாங்கியிருக்காங்களோ அவங்களுக்கு அடுத்ததுன்னு பார்க்கும். 6.6ல வந்த ஈஈவிடிஎஃப் ரெண்டு கேள்வி கேட்கும். தன் பங்குக்கு மேல ஏற்கனவே வாங்கினவரா? ஆமான்னா இந்தச் சுத்து நில்லுங்க. மீதி இருக்கறவங்கள்ல யாரோட கெடு முதல்ல வருது? சின்னதா கேட்குறவங்களுக்குக் கெடு சீக்கிரம் வரும், அதனால அந்த அம்மா காக்க வேண்டாம். இந்தக் கணக்கு 1995லயே அயான் ஸ்டோய்கா, ஹுசைன் அப்தெல் வஹாப்னு ரெண்டு பேர் எழுதின கட்டுரையில இருந்தது. அதைக் கர்னலுக்குள்ள கொண்டு வந்தவர் பீட்டர் ஸைல்ஸ்ட்ரா.

இந்த இடத்துல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். காலேஜ் காலத்துல 'லினக்ஸ் ஃபார் யூ' பத்திரிகையோட வந்த சிடியை வெச்சு லினக்ஸ் போட்ட கோஷ்டி நாங்க. அப்ப இருந்தது 2.4 கர்னல். எதையாவது கம்பைல் போட்டா எக்ஸ்எம்எம்எஸ்ல ஓடுற பாட்டு விக்கி விக்கி வரும். எஸ்பிபிக்கே திக்குவாய் வந்துடும். 2003 டிசம்பர்ல 2.6 வந்தப்புறம் அது நல்லாவே குறைஞ்சது. டெஸ்க்டாப் திக்கக் கூடாதுன்னு அந்த வருஷங்கள்ல விடாம பேட்ச் எழுதிட்டு இருந்தவர் கான் கோலிவாஸ். ஆஸ்திரேலியாக்காரர். தொழில்ல மயக்க மருந்து டாக்டர்! பங்கு பிரிச்சுக் குடுத்தாலே போதும், யார் அவசரக்காரர்னு ஊகிக்கிற வித்தை எல்லாம் தேவையில்லைன்னு செஞ்சு காட்டினார். 2007ல கர்னலுக்குள்ள போனது இங்கோ மோல்னார் எழுதின சிஎஃப்எஸ். கான் அந்த வருஷமே கர்னல் வேலையை விட்டுட்டார், அப்புறம் 2009ல பிஎஃப்எஸ்னு இன்னொண்ணோட திரும்பி வந்தார். ஃபேர்லேண்ட்ஸ்ல தடுக்கி விழுந்தா ஆஸ்பத்திரி. எந்த மயக்க டாக்டரைப் பார்த்தாலும் இவர் வீட்டுல ராத்திரி என்ன கோட் எழுதுவாரோன்னு எனக்குத் தோணும்.

சரி, கதைக்கு வருவோம். மறுநாள் விநாயகர் சதுர்த்தி லீவு. கொழுக்கட்டையைச் சாப்பிட்டுட்டு கிட் பைசெக்ட்டை ஆரம்பிச்சேன். நல்லா இருந்த பதிப்பு 6.5, கெட்டது 6.6 ஆர்சி1. நடுவுல பத்தாயிரத்துக்கும் மேல மாற்றங்கள். பாதியில வெட்டி, கம்பைல் பண்ணி, நல்லதா கெட்டதான்னு சொன்னா அடுத்த பாதியைத் தரும். பதினாலு தடவை வெட்டினா குற்றவாளி ஒத்தை ஆளா நிப்பான். ஒரு தடவைக்கு நாற்பது நிமிஷம். லீவு முழுசும் போச்சு, அப்புறம் ராத்திரி ராத்திரியா உக்காந்து வெள்ளிக்கிழமை முடிச்சேன். முடிவைப் பார்க்கறதுக்கு முன்னாடியே கர்னல் ஆளுங்களுக்கு மெயில் டிராஃப்ட் வேற ரெடி. ரொம்ப மரியாதையான இங்கிலீஷ்ல, உங்க புது ஷெட்யூலர் டெஸ்க்டாப்பைக் கொன்னுடுச்சுன்னு.

பதினாலாவது வெட்டுல நின்ன குற்றவாளி யாருன்னு நினைக்கிறீங்க? ஏதோ ஒரு ஏஆர்எம் போர்டோட வன்பொருள் விவரம் எழுதின ஃபைல்ல ரெண்டு வரி. என் மெஷின் இன்டெல். அந்த ஃபைல் என் கம்பைல்ல சேரவே சேராது. அவ்வ்வ்.

பைசெக்ட் இப்படி அபத்தமா வந்து நின்னா ஒரே அர்த்தம்தான். நடுவுல எங்கயோ நல்லதைக் கெட்டதுன்னோ, கெட்டதை நல்லதுன்னோ தப்பா சொல்லியிருக்கோம். அப்பதான் குறிப்பு நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். நல்லதுன்னு எழுதினது எல்லாம் சாப்பிடப் போய்ட்டு வந்தோ, காலையில எந்திரிச்சதுமோ பார்த்தது. கம்பைல் முடிஞ்ச கையோட ரீபூட் பண்ணிப் பார்த்தது எல்லாம் கெட்டது. நான் பைசெக்ட் பண்ணினது கர்னலை இல்லை, என் சாப்பாட்டு நேரத்தை.

அதோட, 6.5 நல்லா இருக்குன்னு எப்படி முடிவு பண்ணினேன்? ஒரு நாள் விடியக்காலை அஞ்சு மணிக்கு அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பார்த்து!

மொட்டை மாடி சம்பவத்துக்கு அப்புறம் பாப்பா என்கிட்ட அளந்துதான் பேசிட்டு இருந்தா. அன்னைக்கு ராத்திரி நான் தலையைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கறதைப் பார்த்துட்டு, தட்டுல தோசையோட வந்து நின்னா.

"மாமா, அந்த டப்பா ஒரு மாசமாவே கத்துது. மதியத்துல கிரைண்டர் மாதிரி சத்தம். நான் ரெண்டு தடவை சொன்னேன். நீங்க கேட்கலை."

சொல்லியிருந்தாதான். எனக்கு ஞாபகமே இல்லை.

அதுக்கப்புறம்தான் முதல் நாளே செஞ்சிருக்க வேண்டியதைச் செஞ்சேன், அதாவது அளந்து பார்த்தேன். பெர்ஃப்னு ஒரு கருவி இருக்கு. யார் எவ்வளவு நேரம் வரிசையில காத்திருந்தாங்கன்னு அதுல பதிவு பண்ணலாம். கம்பைல் ஓடறப்ப பிரவுசர் அதிகபட்சம் காத்தது ஒம்பது மில்லி செகண்ட். மவுஸ் ஒறைஞ்சு நிக்கிற அளவுக்கெல்லாம் அது காணவே காணாது. மாஸ்டர் முறை வெச்சு சரியாத்தான் நீட்டிட்டு இருக்கார். அப்ப எங்க மெதுவாகுது? கையே மெதுவாப் போகுது! பிராசஸரோட வேகத்தைப் பார்த்தேன். 3.2 கிகாஹெர்ட்ஸ்ல ஓட வேண்டியது 800 மெகாஹெர்ட்ஸ்ல தவழுது. சூடு நூறு டிகிரியைத் தொடுது. சூடு தாங்காம தானே வேகத்தைக் குறைச்ச எண்ணிக்கையைக் கர்னல் ஒரு மூலையில எண்ணிட்டே வந்திருக்கு. கர்னல் லாக்லயும் சூடு எல்லை தாண்டிடுச்சுன்னு வரி வரியா எழுதி வெச்சிருக்கு. அதைப் பார்க்க ஒரே ஒரு கமாண்ட் போதும். பதினாலு கம்பைல் பண்ணினவன் அதை அடிக்கலை.

சனிக்கிழமை காலையில கேபினெட்டைத் திறந்தேன். முன்னாடி ரோடு தோண்டினப்ப வந்த மண் பூரா ஹீட்சிங்க்ல போர்வை மாதிரி உக்காந்திருந்தது. பிராசஸர் மேல தடவுற பேஸ்ட் காஞ்சு திருநீறு ஆயிருந்தது. பெயின்ட் பிரஷ்ல தூசி தட்டி, நாலு ரோட்டுப் பக்கம் ஒரு கடையில பேஸ்ட் வாங்கித் தடவினேன். முழு லோடுல சூடு 72 டிகிரி. சத்தமும் இல்லை.

இங்கயே முடிச்சிருந்தா பாதிதான் உண்மை. இன்னொரு சந்தேகம் இருந்துச்சு. நான் கம்பைலை நைஸ் 19 போட்டுத்தானே ஓட்டினேன்? நைஸ்னா, எனக்கு அவசரம் இல்லை, மத்தவங்களை முதல்ல விடுங்கன்னு சொல்றது. சாதாரண வேலைக்கு எடை 1024னா, நைஸ் 19க்கு எடை 15. அப்படி ஓட்டினா பாப்பாவோட பிரவுசர் முழு பிராசஸரையும் எடுத்துட்டிருக்கணுமே. மெதுவான பிராசஸர்லகூட மவுஸ் நின்னிருக்கக் கூடாது.

விஷயம் குரூப்ல இருந்தது. கர்னல் ஆள் ஆளா மட்டும் பங்கு பிரிக்காது, குழுவுக்கும் பிரிக்கும். இதை சிஎஃப்எஸ்ல கொண்டு வந்தது 2007ல ஐபிஎம்ல இருந்த ஸ்ரீவத்ஸ வாட்டகிரி. அந்தக் கோட் ஃபைலைத் திறந்தா தலைப்புலயே அவர் பேர் இருக்கும். எனக்கு அதுல ஒரு சின்னப் பெருமை உண்டு, நம்ம ஊர்ப் பேரா இருக்கேன்னு. 2011ல 2.6.38ல மைக் கால்பிரெய்த் எழுதின ஆட்டோகுரூப் வந்துச்சு. இருநூத்திச் சொச்சம் வரி பேட்ச். ஒவ்வொரு செஷனையும் தானாவே ஒரு குழுவா ஆக்கிடும். டெர்மினல்ல இருபது கம்பைல் ஓடினாலும் அது ஒரே குழு, பிரவுசர் இன்னொரு குழு, சரிபாதி. நல்ல ஏற்பாடுதான். ஆனா அதோட இன்னொரு பக்கம்: நைஸ் குழுவுக்குள்ள மட்டும்தான் செல்லும். நான் தனி செஷன்ல இருந்து நைஸ் 19 போட்டது என் கம்பைலுக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் விட்டுக் குடுக்கத்தான் உதவுச்சு. எல்லாருமே 19, அதனால அதுக்கும் பிரயோஜனம் இல்லை. பாப்பாவோட பங்குல பாதியை நான் நியாயமா பிடுங்கிட்டு இருந்திருக்கேன். மெஷின் குளிர்ச்சியா இருந்தப்ப அந்தப் பாதியே தாராளம். 800 மெகாஹெர்ட்ஸ்ல பாதி எதுக்கு ஆகும்?

குழுவுக்கே நைஸ் போட ப்ராக் டைரக்டரியில ஆட்டோகுரூப்னு ஒரு ஃபைல் இருக்கு. அதுல 19 எழுதினதும் கம்பைல் மூலையில போய் உக்காந்துடுச்சு. மேனுவல்ல இதைப் பத்தித் தெளிவாவே எழுதியிருக்காங்க. இருபது வருஷமா லினக்ஸ் ஓட்டறேன்னு மீசை முறுக்கறவன் அந்தப் பக்கத்தைப் படிச்சதில்லை.

ஷெட்யூலரைச் சந்தேகப்பட்டதே முட்டாள்தனம்னு சொல்ல வரலை. சிஎஃப்எஸ்லயே பல கோர் சும்மா இருக்கறப்ப வேலைகள் இன்னொரு கோர்ல வரிசையில நின்ன பிழைகளைக் கண்டுபிடிச்சு 2016ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையே வந்துச்சு. ஆனா அவங்க படம் போட்டு, அளந்து காட்டினாங்க. நான் கொழுக்கட்டை சாப்பிட்டேன்.

மெயில் டிராஃப்ட்டை அழிச்சுட்டேன். பாப்பாகிட்ட போய் நடந்ததை அப்படியே சொன்னேன், ஆட்டோகுரூப் உட்பட. முழுசும் கேட்டுட்டு, "அப்ப அந்தப் பதினொரு கேள்வி?"ன்னா. என்கிட்ட பதில் இல்லை. கோச்சிங்ல கேட்டுப் பார்த்தோம், மறுபடி எழுத விடலை. ஞாயித்துக்கிழமை அடுத்த மாதிரித் தேர்வு. காலையில எந்திரிச்சுப் பார்த்தா மானிட்டர் ஓரத்துல ஒரு மஞ்சச் சீட்டு ஒட்டியிருந்தது: 'பரீட்சை அன்னைக்கு ஆர்சி கிடையாது, கம்பைல் கிடையாது. மாமா கையெழுத்து.' கீழ ஒரு கோடு போட்டு இடம் விட்டிருந்தா.

போட்டேன். இப்ப அவ காலேஜ்ல இருக்கா. 6.6க்கு அப்புறம் எத்தனையோ கர்னல் வந்துடுச்சு. சீட்டு இன்னும் அங்கயேதான் இருக்கு, பசை காஞ்சுபோய், ஒரு பக்கம் தொங்கிட்டு.