உத்திரமேரூரில் ஒரு நாள்

வரலாற்று மன்றக் கண்காட்சிக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படம் எடுத்து வரச் சொன்ன சிஸ்டர், ஒரு நிபந்தனையும் போட்டார்கள்: "ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் எழுத்து தெரிய வேண்டும்." எங்கள் புள்ளலூரிலேயே 1780-ஆம் ஆண்டுப் போர்க்களம் இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன். பலிக்கவில்லை. சித்தப்பாவின் கேமராவோடு அம்மாவும் நானும் காஞ்சிபுரம் போய்ப் பேருந்து மாறினோம்.

முதலில் ஏரிக்கரை. பல்லவன் தந்திவர்மன் காலத்து வைரமேக தடாகம் அது. படத்தில் வானமும் தண்ணீருமே நிறைந்தன; ஊர் எறும்பு வரிசை போல ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அடுத்து, பெருமாள் நின்றும் அமர்ந்தும் கிடந்தும் மூன்று தளங்களில் சேவை சாதிக்கும் சுந்தரவரதர் கோயில். விமானம் முழுவதும் அடங்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து, பூக்காரப் பாட்டியின் கூடையில் இடித்துத் திட்டு வாங்கினேன்.

வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வந்தபோது நண்பகல். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், குடவோலைத் தேர்தல் விதிகளை அந்தச் சுவரில்தான் வெட்டினார்கள். நிற்பவருக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது. காலையில் பார்த்தோமே, அந்த ஏரியைக் கவனிக்கும் ஏரி வாரியத்துக்கு 6 பேர். பெண்கள் பெயருக்குக் குடத்தில் இடமில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

இத்தனையும் எழுதிய சுவர், கேமராவில் வெறுஞ்சுவராகத் தெரிந்தது! நிழலில் ஆழமில்லாத எழுத்துகள் கல்லோடு கல்லாகக் கலந்துவிட்டன. பத்துப் படம் எடுத்தும் பயனில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"முதலில் சாப்பிடு" என்று அம்மா டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். எவர்சில்வர் மூடியில் பட்ட வெயில் பளிச்சென்று சுவரில் பாய்ந்தது. மூடியை வெயிலில் பிடித்தபடி சுவரோரமாக நிற்கச் சொன்னேன். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்ததும், ஒவ்வொரு எழுத்தின் விளிம்பிலும் நிழல் கட்டியது. 'ப' தெரிந்தது, 'ட' தெரிந்தது! எலுமிச்சை சாதத்தை மறந்து, வரி வரியாக எடுத்தேன்.

அந்தப் படந்தான் கண்காட்சியில் வைத்தது. இடது ஓரத்தில் அம்மாவின் இரண்டு விரல்கள் விழுந்திருக்கின்றன. வெட்டிவிடலாமா என்று சிஸ்டர் கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.