வானத்து வாளும் வாசற் காவலும்

மாணவரிடையே படிக்கும் பழக்கம் குன்றி வருகிறது என்று பெற்றோர் வருந்தும் இந்நாளிலும், படக்கதைப் புத்தகங்களுக்கு மட்டும் வரவேற்புக் குறையவில்லை. "பறக்கும் மனிதனையும் பச்சை அரக்கனையும் படித்து என்ன பயன், ஐயா?" என்னும் கேள்வி பெற்றோர் கூட்டங்களில் எழுவதுண்டு. கேள்வி நியாயமானதே. அதற்கு விடையாக, அத்தகைய படக்கதைகளில் வரும் ஒரு கற்பனைத் துறையைப் பற்றி ஈண்டு எழுத விழைகிறோம். அது விண்வெளியிலிருந்து வரும் ஆபத்துகளினின்று பூமியைக் காப்பதற்கென்றே அமைந்த துறை.

அமெரிக்காவின் மார்வல் நிறுவனம் வெளியிடும் படக்கதைகளில் 1965ஆம் ஆண்டில் ஓர் உளவுத்துறை தோன்றியது. அதனைப் படைத்தவர்கள் ஸ்டான் லீ, ஜாக் கெர்பி என்னும் இருவர். அத்துறையின் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஷீல்ட்' என்று வரும். கேடயம் என்பது பொருள். பின்னர் 2004ஆம் ஆண்டில், ஜாஸ் வீடன் எழுதி ஜான் கேசடே படம் வரைந்த எக்ஸ்-மென் கதைத்தொடரில், கேடயத்துக்குத் துணையாக மற்றொரு துறை அறிமுகமாயிற்று. அதன் பெயரின் முதலெழுத்துகள் 'சுவோர்ட்' என்று அமைந்தன. வாள் என்பது பொருள். கேடயம் மண்ணைக் காக்க, வாள் விண்ணைக் காக்கும் என்பது கற்பனை. இனி இதனை நாம் வாள் துறை என்றே குறிப்போம்.

வாள் துறையின் முழுப்பெயரைத் தமிழில் சொன்னால், 'உணர்வறிவுடைய உலகங்களைக் கண்காணித்து மறுமொழி அளிக்கும் துறை' எனலாம். அதன் தலைமையகம் பூமியைச் சுற்றிவரும் ஒரு விண்வெளி நிலையம். 'சிகரம்' என்னும் பொருள்பட அதற்குப் பெயர். அதன் தலைவி அபிகேல் பிராண்ட் என்னும் பச்சைத் தலைமுடி கொண்ட பெண்மணி. கண்டிப்பு மிக்கவர், கடமையில் இரக்கம் பாராதவர்.

இப்பெயரில் ஒரு நுட்பம் உண்டு. கண்காணிப்பு முதலில் நிற்கிறது. மறுமொழி பின்னர் வருகிறது. நம் திருவள்ளுவரும் பொருட்பாலில் ஒற்றாடலை 59ஆம் அதிகாரமாகவும், அரணை 75ஆம் அதிகாரமாகவும், படைமாட்சியை 77ஆம் அதிகாரமாகவும் வைத்தார். பார்ப்பது முன், மதில் பின், படை அதற்கும் பின். பாராமல் ஓங்கிய வாள் பகைவனையும் வெட்டும், விருந்தினனையும் வெட்டும்.

இத்தகைய துறை உண்மையில் உண்டா என்று மாணவர்கள் கேட்கலாம். வேற்றுலகத்தாருடன் போரிடும் துறை எதுவும் இல்லை. ஆனால் விண்ணிலிருந்து வரும் ஆபத்து உண்மையே. 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின் மேலே ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று வெடித்துச் சிதறியது. சுமார் 1,500 பேர் காயமுற்றனர். அவர்களுள் பெரும்பாலோரைத் தாக்கியது கல் அன்று, உடைந்த கண்ணாடி. வானத்தில் பேரொளி தோன்றியதும் பலர் சன்னலருகே சென்று வேடிக்கை பார்த்தனர். ஒலியைவிட ஒளி விரைவாகச் செல்லும் அன்றோ? ஒளிக்குப் பின்னர் வந்த அதிர்வலை கண்ணாடிகளை நொறுக்கியது. அறிவியல் பாடத்தில் படிக்கும் ஒரு சிறு உண்மை உயிரையே காக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய நாசா, 2016ஆம் ஆண்டில் கோள் பாதுகாப்புக்கென ஓர் அலுவலகத்தை நிறுவியது. அங்குள்ளோர் வாளேந்தி நிற்பதில்லை. தொலைநோக்கிகள் கண்டறியும் விண்கற்களின் பாதையைக் கணக்கிடுகின்றனர். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், 'டார்ட்' என்னும் சிறு விண்கலத்தை ஏறத்தாழ 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் என்னும் கல்லின் மீது நாசா மோதச் செய்தது. அக்கல்லால் பூமிக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. அது வெறும் சோதனை. பெரிய கல் ஒன்றினை 11 மணி 55 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவந்த அது, மோதலுக்குப் பின் 11 மணி 23 நிமிடத்தில் சுற்றலாயிற்று. மனிதன் ஒரு விண்பொருளின் போக்கை வேண்டுமென்றே மாற்றியது அதுவே முதன்முறை. உண்மையான விண்காவலின் ஆயுதம் கணிதமே என்பதைக் கணக்குப் பாடத்தைக் கண்டு அஞ்சும் மாணவர்கள் நினைவிற் கொள்க.

ஆயினும் படக்கதையில் வரும் வாள் துறை கல்லை எதிர்ப்பதன்று, உயிர்களை எதிர்ப்பது. ஆகவே அங்குக் கணிதத்துக்கு அப்பாற்பட்ட கேள்வி ஒன்று எழுகிறது. அயலான் யார்? அக்கதைகளைப் படிக்கத் தக்கனவாக ஆக்குவது இக்கேள்வியே என்பது எமது கருத்து.

எக்ஸ்-மென் கதைகளின் நாயகர்கள் மாற்றப் பிறவிகள். பிறவியிலேயே விந்தை ஆற்றல் பெற்றவர்கள். அதன் காரணமாகவே பிறரால் அஞ்சி ஒதுக்கப்படுபவர்கள். வாள் துறை தோன்றிய அக்கதைத்தொடர் 2008ஆம் ஆண்டில் முடிவுற்றபோது, வேற்றுக்கோள் ஒன்றிலிருந்து மிகப் பெரிய குண்டு ஒன்று பூமியை நோக்கிப் பாய்ந்து வந்தது. அதனைத் தடுக்க எவராலும் இயலவில்லை. கிட்டி பிரைட் என்னும் இளம்பெண், பொருள்களின் ஊடே புகுந்து செல்லும் தன் ஆற்றலால், அக்குண்டு பூமியைத் தொடாமலே அதனூடே கடந்துபோகச் செய்தாள். பூமி பிழைத்தது. அவளோ குண்டினின்று விடுபட இயலாமல் அதனுடனே விண்வெளியில் சென்று மறைந்தாள். எக்குலத்தைக் கண்டு உலகம் அஞ்சியதோ அக்குலத்துப் பெண்ணே உலகைக் காத்தாள்.

அடுத்த ஆண்டு, அதாவது 2009இல், வாள் துறையின் பெயரிலேயே தனிக் கதைத்தொடர் ஒன்று வெளிவந்தது. கீரன் கில்லன் எழுத, ஸ்டீவன் சாண்டர்ஸ் படம் வரைந்தார். 5 இதழ்களோடு 2010இல் நின்றுபோன சிறு தொடர்தான்; ஆனால் அதன் கரு பெரிது. பிராண்டுடன் சேர்ந்து துறையை நடத்த ஹென்றி கைரிச் என்னும் அதிகாரி வருகிறார். பூமியில் வாழும் வேற்றுலகத்தார் அனைவரையும் பிடித்து வெளியேற்ற வேண்டும் என்று அவர் ஆணை பெறுகிறார். அவர்கள் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. அவர்கள் இங்குப் பிறந்தவர்கள் அல்லர், அவ்வளவே. பல போர்களில் பூமிக்காகக் குருதி சிந்தியவர்களும் அவர்களுள் உளர்.

ஆங்கிலத்தில் 'ஏலியன்' என்னும் ஒரே சொல் வேற்றுலகத்தாரையும் குறிக்கும். குடியுரிமை இல்லாத வெளிநாட்டவரையும் குறிக்கும். கதாசிரியர் அச்சொல்லின் இரு பொருளையும் அறிந்தே கதையை அமைத்தார் என்பது படிப்போர்க்கு விளங்கும். அதனினும் பெரிய வியப்பு ஒன்று உண்டு. விண்காவலின் தலைவியாகிய அபிகேல் பிராண்டே பாதி மனிதர், பாதி வேற்றுலகத்தவர். அயலாரை அளக்கும் கோலைக் கையில் வைத்திருந்தவர் அக்கோலால் தாமே அளக்கப்படும் நிலைக்கு வந்தார்.

தோட்டத்துப் பெற்றோர்க்கு இக்கதை புதியதன்று. 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதோர் இந்நாட்டில் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற நிலை 1969இல் வந்தது. இம்மண்ணில் காலமெல்லாம் பால்மரம் வெட்டிய ஆயிரக்கணக்கானோர் பெட்டி படுக்கையுடன் கப்பலேறினர். 'ரஜூலா' என்னும் கப்பற்பெயரைக் கேட்டால் இன்றும் கண்கலங்கும் மூத்தோர் நம்மிடையே உளர். ஒரே குடும்பத்தில் ஒருவர் நீல அடையாள அட்டையும் மற்றொருவர் சிவப்பு அடையாள அட்டையும் வைத்திருந்த கதைகளை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அட்டையின் நிறம் வேறு. சிந்திய வியர்வையின் நிறம் ஒன்றே. கைரிச்சின் ஆணையைப் படிக்கும் மாணவன், தன் வீட்டுத் தாத்தாவிடம் சென்று அக்காலத்தைக் கேட்டறிவானாயின், படக்கதை அவனுக்கு வரலாற்று நூலாகிவிடும்.

ஆனால் நம் வரலாற்றை எண்ணி வருந்துவதோடு நின்றுவிடலாகாது. இன்று மலேசியத் தோட்டங்களில் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோரும் உழைக்கின்றனர். செம்பனைக் குலை வெட்டுகின்றனர், உரம் சுமக்கின்றனர். அவர்களுக்கும் ஊரில் தாய் உண்டு; பெயர் உண்டு. நம் பிள்ளைகள் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கின்றனரா? அல்லது அவர்கள் பிறந்த நாட்டின் பெயரையே இழிசொல்லாக்கி அழைக்கின்றனரா? நம் முன்னோரைப் பெயர் கேளாமல் 'கூலி' என்றே உலகம் அழைத்த காலம் ஒன்று இருந்தது. அச்சொல் எவ்வாறு வலித்தது என்பதை அறிந்தவர்கள், அதனைப் போன்ற இன்னொரு சொல்லைத் தம் பிள்ளைகளின் நாவில் வளரவிடலாமா? பெற்றோர்கள் இதனை இரவு உணவு வேளையில் பிள்ளைகளோடு பேச வேண்டுகிறோம்.

ஆயின் காவலே வேண்டாமா? வேண்டும். அவ்விண்வெளிக் கதைகளில் உண்மையான பகைவரும் வருகின்றனர். 2008ஆம் ஆண்டுக் கதையொன்றில், உருமாறும் ஆற்றல் பெற்ற ஸ்கிரல் இனத்தார் பூமிக்குள் மறைந்து புகுகின்றனர். அவர்களுள் ஒருவன் கேடயத் துறையின் நம்பிக்கைக்குரிய அதிகாரியைப் போலவே உருக்கொண்டு சிகரத்துக்குள் நுழைந்து அந்நிலையத்தையே வெடிக்கச் செய்கிறான். வந்த பகைவன் அயலான் தோற்றத்தில் வரவில்லை. நம்மவன் தோற்றத்தில் வந்தான். ஆகவே முகத்தைப் பார்த்து நட்பையும் பகையையும் முடிவு செய்பவன் நல்ல காவலன் ஆகான். செயலைப் பார்த்து முடிவு செய்பவனே காவலன்.

காவலரையும் கவனிக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த 'வாண்டாவிஷன்' என்னும் தொலைக்காட்சித் தொடரில் வாள் துறை மீண்டும் வந்தது. ஆனால் அதன் பெயரில் 'உலகம்' என்று இருந்த இடத்தில் 'ஆயுதம்' என்ற சொல் புகுந்திருந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே. எனவே சுருக்கப்பெயர் மாறவில்லை. மாறியது நோக்கம். அத்தொடரில் துறையின் தற்காலிகத் தலைவர், இறந்துபோன விஷன் என்னும் வீரனின் உடலைப் போர்க்கருவியாக மீண்டும் எழுப்புகிறார். அதனை மறைக்கப் பொய்யும் சொல்கிறார். உலகைப் பார்க்க வேண்டிய கண் ஆயுதத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நேரும் கேடு இதுவே.

நம் நாட்டுக்கும் இப்பொருளுக்கும் இனிய தொடர்பு ஒன்று உண்டு. சிரம்பானில் பிறந்த வானியற்பியல் அறிஞர் மஸ்லான் ஒத்மான் அம்மையார், ஐக்கிய நாடுகள் சபையின் விண்வெளி விவகார அலுவலகத்தின் இயக்குநராகப் பணியாற்றியவர். 2010ஆம் ஆண்டில், வேற்றுலகத்தார் வந்தால் அவர்களை மனித குலத்தின் சார்பில் வரவேற்கும் தூதராக அவரே நியமிக்கப்படவிருக்கிறார் என்று பிரிட்டிஷ் செய்தித்தாள் ஒன்று செய்தி வெளியிட்டது. அது உலகெங்கும் பரவியது. அம்மையாரோ அச்செய்தியை மறுத்துவிட்டார். செய்தி பொய்த்தாலும், 'வருபவரிடம் முதலில் பேசுவது யார்?' என்று உலகம் கேட்ட வேளையில் ஒரு மலேசியப் பெண்மணியின் பெயர் எழுந்தது நமக்குப் பெருமையன்றோ?

படக்கதைகளில் வாள் இருக்கும் இடத்தில், உண்மை உலகம் ஓர் ஒப்பந்தத்தை வைத்துள்ளது. 1967ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் நடைமுறைக்கு வந்த விண்வெளி ஒப்பந்தம், அணு ஆயுதங்களைப் பூமியின் சுற்றுப்பாதையில் நிறுத்துவதைத் தடை செய்கிறது. விண்வெளி வீரர்களை மனித குலம் முழுமைக்கும் தூதராகக் கருத வேண்டும் என்கிறது. சரியாக 40 ஆண்டுகள் கழித்து, 2007ஆம் ஆண்டு அதே அக்டோபர் 10ஆம் நாள், நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முசாபார் சுக்கோர் ரஷ்ய விண்கலத்தில் விண்ணேகினார். அவரும் அவ்வொப்பந்தத்தின்படி ஒரு தூதரே.

மாணவச் செல்வங்களே! படக்கதை படியுங்கள், தடையில்லை. ஆனால் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இக்கதையில் அயலான் என்று எவரைச் சொல்கின்றனர்? அவர் உண்மையில் என்ன தீங்கு செய்தார்? காப்பவரைத் தட்டிக்கேட்பவர் யார்? இம்மூன்றையும் கேட்டுப் படிப்பவனுக்குப் படக்கதையும் பாடநூலே.

விண்ணைக் காக்கும் பொறுப்பு நம் கைக்கு வருமோ வராதோ, வீட்டு வாசலும் வகுப்பறை வாசலும் இன்றே நம் கையில் உள்ளன. புதிய முகம் ஒன்று அங்கு வந்து நின்றால், முதலில் பெயரைக் கேளுங்கள். பிறகு உங்கள் பெயரைச் சொல்லுங்கள். காவலின் முதற்கடமை அதுவேயாகும்.