மோசமான தையல்... செம வீடியோ!

மியூசிக் வீடியோ என்றால் ஸ்டைலிஸ்ட், காஸ்ட்யூமர் என்று ஒரு படையே வேண்டுமே! லண்டனின் எமி லவ், ஜார்ஜியா சவுத் இருவருக்கும் ஆரம்பத்தில் அதற்கெல்லாம் வசதியில்லை. 'நோவா ட்வின்ஸ்' என்ற பெயரில் பங்க், ராக் என அதிரடி இசையில் இறங்கிய இந்தக் கறுப்பினத் தோழிகள், வீடியோவுக்கும் மேடைக்கும் வேண்டிய உடைகளைத் தாங்களே வெட்டி, தைத்து, பெயின்ட் அடித்துப் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கைவேலைக்கு வைத்த பெயர் 'பேட் ஸ்டிச்சஸ்', அதாவது மோசமான தையல். குசும்புதான்!

உடைப் பிரச்னை தீர்ந்தது. 'கறுப்பினப் பெண்களா? அப்போ ஆர் அண்ட் பி பாடுவீங்க' என்கிற நினைப்பை எந்த ஊசியால் தைப்பது? பிரிட்டனில் கறுப்பின இசையைக் கொண்டாடும் 'மோபோ' விருதிலேயே 2020-ல் ராக்குக்கு இடமில்லை. இடம் கேட்டு இருவரும் கடிதம் எழுதினார்கள். 2022-ல் மாற்று இசைக்கெனத் தனிப் பிரிவு வந்தது. அதே ஆண்டு மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலிலும் இவர்களின் 'சூப்பர்நோவா' ஆல்பம் இருந்தது.