இடமில்லை என்று சொன்னவர் யார்?

திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் பங்குதோறும் குடில் அமைக்கும் ஆரவாரமும் தொடங்கிவிடுகிறது. தூத்துக்குடிக் கடலோரத்தில் நாம் பொறுப்பேற்றிருந்த பங்கில், 2023-ஆம் ஆண்டு அந்த ஆரவாரம் சற்று மிகுதியாகவே இருந்தது. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் இத்தாலியிலுள்ள கிரேச்சியோ என்னும் சிற்றூரில் 1223-ஆம் ஆண்டு குடில் அமைத்து, 800 ஆண்டுகள் நிறைவுற்ற கிறிஸ்மஸ் அல்லவா அது! இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டினார்கள். மலையும் அருவியும் மின்விளக்குத் தோரணமுமாக, காண்போர் வியக்கும் குடில் ஒன்றை எழுப்புவது திட்டம். அதில் நமக்கும் உள்ளூரப் பெருமை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

நம் பங்கு மக்களுள் பெரும்பாலோர் உப்பளத் தொழிலாளர்கள். விடியுமுன் அளத்தில் இறங்கி, வெண்மையான பாத்திகளில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கூச, உவர்நீரில் கால் புண்ணாக, உப்பை வாரி அம்பாரம் சேர்ப்பவர்கள். நம் வீட்டு உலையில் விழும் ஒவ்வொரு சிட்டிகை உப்பிலும் அவர்களுடைய வியர்வை உண்டு. ஆனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பு விளைச்சல் நின்றுவிடும். மீண்டும் வெயில் ஏறிப் பாத்தி காயும்வரை பல குடும்பங்களுக்குக் கூலி இல்லை. ஆகவே உலகெங்கும் மகிழ்ச்சி பொங்கும் கிறிஸ்மஸ், இம்மக்களுக்கு ஆண்டுதோறும் கை வறண்ட காலத்திலேயே வருகிறது.

அவ்வாண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறாகிய அதனை மகிழ்ச்சி ஞாயிறு என்று திருச்சபை அழைக்கிறது. அன்று பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்ததென்று பெரியவர்கள் அங்கலாய்த்தார்கள். தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன. விற்பனைக்கெனக் குவித்திருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்து, பிறந்த கடலுக்கே திரும்பிப் போயின. வீடுகளில் இடுப்பளவு நீர். சற்று மேடான இடத்தில் இருந்த பங்கு மண்டபத்தில் பல குடும்பங்கள் தஞ்சம் புகுந்தன.

நான்காம் நாள் அரிசி மூட்டைகள் வந்து சேர்ந்தன. யாரும் விடுபடாதவாறும், யாரும் இருமுறை பெறாதவாறும், பங்குப் பதிவேட்டைப் பார்த்து நாமே ஒரு பட்டியல் எழுதினோம். மண்டப வாயிலில் மேசை போட்டு, பெயர் பெயராக அழைத்துக் கொடுத்தோம். இறுதியில் ஒரு குடும்பம் வந்து நின்றது. கணவன், மனைவி, இரு குழந்தைகள், ஒரு மூதாட்டி. பிற மாவட்டத்திலிருந்து உப்பு மூட்டை பிடிக்கும் வேலைக்கு வந்து, அளத்தோரக் குடிசையில் தங்கியிருந்தவர்கள். குடிசை போன இடம் தெரியவில்லை. பட்டியலில் பெயர் இல்லை. அவர்கள் நம் சமயத்தவரும் அல்லர்.

அரிசி போதாமற் போகுமோ என்ற அச்சம் நமக்கு. நம் மக்களே குறை கூறுவார்களோ என்ற அச்சம் அதனினும் பெரிது. "மண்டபத்தில் இடமில்லை, அரிசியும் கணக்காகத்தான் இருக்கிறது. அரசு முகாமில் கேட்டுப் பாருங்கள்" என்றோம். கடுமையாகச் சொல்லவில்லை. மென்மையாகவே சொன்னோம். அவர்களும் மறுபேச்சுப் பேசாமல் திரும்பினார்கள்.

அப்போது வரிசையில் நின்ற கைம்பெண் ஒருவர் முன்னே வந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். நாற்பது ஆண்டுகளாக அளத்தில் தலைச்சுமை தூக்கியவர். "சாமி, இவுக எங்ககூட வேலை செய்யிறவுக. நான் படுக்கிற இடத்துல இவுகளும் படுத்துக்கிடட்டும். எனக்குக் குடுத்த அரிசியில அவுகளுக்கும் ஆகும்" என்றார். நம் அனுமதிக்கு அவர் காத்திருக்கவில்லை. மூதாட்டியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றுவிட்டார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. கிறிஸ்மஸ் நாடகங்களில் கதவைச் சாத்தும் சத்திரக்காரன் ஒருவன் வருவான். சிறுவர்கள் அவனைக் கண்டு கோபங்கொள்வார்கள். ஆனால் லூக்கா நற்செய்தியில் அப்படி ஒருவன் இல்லவே இல்லை. இடமில்லை என்ற செய்தி மட்டுமே அங்குள்ளது. சொன்னவர் யாரென்று குறிப்பில்லை. அவ்விடத்தில் யார் பெயரையும் எழுதிக்கொள்ளலாம் போலும். பெயர்ப் பதிவுக்காகப் பெத்லகேம் வந்த குடும்பத்துக்கு இடம் கிடைக்கவில்லை. பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நாமும் ஒரு குடும்பத்துக்கு இடம் மறுத்துவிட்டோம். அவர்களுள் நிறைசூலி எவரும் இல்லை. உடன் கழுதையும் வரவில்லை. ஆகவே நமக்கு அடையாளம் தெரியவில்லை.

குருமடத்தில் பயின்ற கிரேக்கம் பெரும்பாலும் மறந்துவிட்டது. ஒரு சொல் மட்டும் அன்றிரவு நினைவுக்கு வந்தது. மரியன்னைக்கும் சூசையப்பருக்கும் கிடைக்காத அந்த இடத்தை லூக்கா 'கத்தாலுமா' என்கிறார்; விருந்தினர் தங்கும் அறை என்பது பொருள். அதே சொல்லை இன்னுமோர் இடத்தில் ஆள்கிறார். ஆண்டவர் தம் சீடரோடு இறுதி இரவுணவு உண்ட அறையும் 'கத்தாலுமா'தான். பிறந்தபோது தமக்கு மறுக்கப்பட்டதை, தம்மையே உணவாகத் தந்த இரவில் மற்றவர்க்கு விருந்தறையாக்கினார் அவர். அக்கைம்பெண் கிரேக்கம் அறியார். ஆயினும் அச்சொல்லின் பொருளைச் செய்துகாட்டிவிட்டார்.

மறுநாள் காலை அக்குடும்பத்திடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர்கள் கூசிப்போனார்கள். பின்னர் இளைஞர்களை அழைத்து நடந்ததைச் சொன்னோம். குடிலுக்கெனத் திரட்டிய பணம் முழுவதும், பட்டியலில் இருந்தோர் இல்லாதோர் என்ற வேறுபாடின்றி, அரிசிக்கும் கூரைக்கும் போயிற்று. கிரேச்சியோவில் புனித பிரான்சிஸும் சுரூபங்களை வைக்கவில்லை. வைக்கோல் பரப்பிய தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை, சூழ நின்ற ஏழை மக்கள். அவ்வளவே. நமக்கோ காய்ந்த வைக்கோல்கூடக் கிடைக்கவில்லை. அதே கைம்பெண் வெறும் உப்புச் சாக்கு ஒன்றைத் துவைத்து உலர்த்திக் கொண்டு வந்தார். நள்ளிரவுத் திருப்பலியில் பாலன் இயேசு அதன்மேல்தான் படுத்திருந்தார்.

அதே வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில், திருச்செந்தூரிலிருந்து சென்னை செல்லும் ரயில் பயணிகள் ஏறத்தாழ 800 பேர் சிக்கித் தவித்தார்கள். சுற்றிலும் வெள்ளம். அருகிலிருந்த புதுக்குடி ஊர்மக்கள், தாங்களும் அதே மழையில் அல்லலுற்ற நிலையில், முன்பின் அறியாத அவர்களுக்குச் சோறு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அங்கேயும் பட்டியல் ஏதும் இருக்கவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, கிறிஸ்மஸ் வந்ததும் ஏழைகளுக்கு எதைக் கொடுக்கலாம் என்று எண்ணுகிறோம். நல்லதே. ஆனால் நற்செய்தி முதலில் அறிவிக்கப்பட்டது இரவில் கண்விழித்து உழைத்த இடையர்களுக்கு. மற்றவர்கள் அவர்கள் வாய்மொழியாகவே கேட்டறிந்தார்கள். ஆகவே எளியோரிடம் கொடுக்க மட்டுமன்று, பெற்றுக்கொள்ளவும் நாம் செல்ல வேண்டியவர்கள். நம் தெருவைக் கூட்டுபவர், நம் ஊரில் கட்டட வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர், இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளி, இவர்களுள் எவர் பெயராவது நம் பட்டியலில் உண்டா?

இப்போது நாம் வேறொரு பங்கில் இருக்கிறோம். உதவிப் பட்டியல்கள் இன்றும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரியை வெறுமையாக விட்டுவைக்கிறோம். வருகிறவர் யாரென்று நமக்குத் தெரியாதல்லவா!

பாலன் இயேசுவின் அமைதி உங்கள் இல்லங்களில் நிறைவதாக.