அந்த அம்புக்கு என்ன அர்த்தம்?

ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம். எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சிடுங்க.

போன செமஸ்டர் எங்க மினி புராஜெக்ட், ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு ஒரு ஆப். ராத்திரி எத்தனை பேர் சாப்பிடுவாங்கன்னு முன்கூட்டியே எண்ணிச் சொல்லணும். முதல் ரிவ்யூல நாலு பெட்டி, அஞ்சு அம்பு போட்டு 'சிஸ்டம் ஆர்க்கிடெக்சர்'னு காட்டினோம். மேடம் ஒரு அம்பைத் தொட்டு, "இது டேட்டா போற வழியா, யார் யாரைக் கூப்பிடுறாங்கன்னு காட்டுதா?"ன்னு கேட்டாங்க. நாங்க மூணு பேர், மூணு பதில். கிளாஸே சிரிச்சுது. நாங்களும்தான்.

ரெண்டு வாரம் கழிச்சு ட்ரையல். என் கோடு மதியம் 3 மணிக்கு எண்ணிக்கையை மெஸ்ஸுக்கு அனுப்பிடும். நண்பனோட கோடு 5 மணி வரைக்கும் பேர் சேர்க்க விடும். ரெண்டுக்கும் நடுவுல இருந்தது அதே அம்பு. அன்னைக்கு ராத்திரி சப்பாத்தி பத்தல. திட்டு வாங்கினது நாங்க இல்ல, மெஸ் அண்ணா. "ஃபோன்ல வந்த கணக்குப்படிதான் சார் மாவு பிசைஞ்சேன்"னு வார்டன்கிட்ட அவர் சொன்னப்போ எங்களால தலை நிமிர முடியல.

மேடம்தான் ஐஎஸ்ஓ 42010 பத்தி சொன்னாங்க. 2000-ல ஐஇஇஇ 1471-னு வந்தது, 2007-ல 42010 ஆச்சு, 2011-ல விரிவாச்சு, 2022-ல மறுபடி திருத்தினாங்க. யுஎம்எல்லதான் வரையணும்னு அது கட்டாயப்படுத்தல. கேக்கிறது வேற: இந்த சிஸ்டத்துல யாருக்கெல்லாம் பங்கு இருக்கு? ஒவ்வொருத்தருக்கும் என்ன கவலை? அந்தக் கவலைக்கு எந்தப் படம் பதில் சொல்லுது, அதுல இருக்கிற குறிக்கு என்ன அர்த்தம்? ஏன் இந்த முடிவு எடுத்தீங்க? படங்களுக்குள்ள முரண்பாடு இருக்கிறது தெரிஞ்சா அதையும் எழுதி வைக்கணும்.

முதல் கேள்வியிலேயே மாட்டிக்கிட்டோம். எங்க படத்துல 'யூசர்', 'அட்மின்', 'சர்வர்', 'டேட்டாபேஸ்' எல்லாம் இருந்தது. சமைக்கிறவர் இல்ல.

நேரா போய்க் கேட்டோம். "மாவு நாலு மணிக்குத்தான் தம்பி பிசைவேன். ஆனா குருமாவுக்குக் காய் காலையில பத்து மணிக்கே சொல்லிடணும்"னார். அப்போ என் 3 மணியும் தப்பு, நண்பனோட 5 மணியும் தப்பு.

இப்போ எங்க டாக்குமெண்ட்ல முதல் ஸ்டேக்ஹோல்டர் அவர்தான். கடைசி நேரம் காலை 10 மணி, காரணம் காய்கறி ஆர்டர்னு எழுதியிருக்கோம். கீழே ஒரு முரண்பாடும் இருக்கு: ஞாயித்துக்கிழமை ஊர்லேர்ந்து சாயங்காலம் திரும்பி வர்றவங்க பத்து மணிக்குள்ள எப்படிச் சொல்வாங்க? எங்களுக்கு இன்னும் விடை கிடைக்கல. மறைக்காம எழுதி வச்சிருக்கோம். அடுத்த வருஷம் இதை எடுக்கப்போற ஜூனியர்ஸ், முதல்ல அந்த வரியைப் படிங்க. அப்புறம் அண்ணாவைப் போய்ப் பாருங்க.